இழுக்காத, தள்ளு

குளியலறையில் தண்ணீர் கணுக்கால் உயரத்துக்கு நின்றது. மேலே சவர்க்கார நுரை. ஒரு பிளாஸ்டிக் கோப்பை மிதந்துபோய்ச் சுவரில் முட்டுவதும் திரும்புவதுமாக இருந்தது.

நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அதற்குள் குந்தியிருந்தேன். கையில் என் ஸ்ப்ரிங் கம்பி. வாசலில் அப்பா நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை.

"இழுக்காத தம்பி," என்றார். "தள்ளு."

போகிற வீடுகளில் எல்லாம் யாராவது பின்னால் நின்று எனக்கு வேலை சொல்லிக் கொடுப்பார்கள். அப்பா அதுவரை சொன்னதில்லை. அவர் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் இருந்தவர். பைப்பைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

ஆனால் அன்றைக்கு அவர் பைப்பைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பைப்புக்குள் அம்மாவின் பதினாறாம் நாள் பிண்டம் கிடந்தது. அதை அதற்குள் விட்டது நான்தான்.

இழுத்தால் அது திரும்ப வீட்டுக்குள் வரும். அனுப்பி வைத்தவளைத் திரும்பக் கூப்பிட்டதாக ஆகும் என்பது அப்பாவின் பயம். தள்ளினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்கு முன்னால் இந்தக் கம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கம்பி

கொழும்பில் கடை வேலையை விட்டு ஊருக்கு வந்ததைப் போன வாரம் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். வந்த பிறகு கினிகத்தேனையில் ஒரு ஹாட்வெயார் கடையில் சாமான் ஏற்றி இறக்க நின்றேன். முதலாளி சிங்களவர். ஒரு நாள் கடைக்குப் பின்னால் இருந்த அவர் வீட்டில் குசினித் தண்ணீர் போகவில்லை. கடையில் தொங்கிய கம்பிச் சுருள் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்து, "மல்லி, கரலா பலன்ன," என்றார். தம்பி, செய்து பார் என்று.

செய்து பார்த்தேன். தண்ணீர் போனது. நான் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதுவரை நான் செய்த எதற்கும் உடனே பதில் கிடைத்ததில்லை. இதற்குக் கிடைத்தது. கர்ரென்று ஒரு சத்தம், தண்ணீர் சுழன்று இறங்கியது. அவ்வளவுதான், அந்த வேலை பிடித்துவிட்டது.

ஐம்பது அடிக் கம்பி. விரல் தடிப்பில் நெருக்கமாகச் சுற்றிய ஸ்ப்ரிங். ஒரு பக்கம் கைபிடி. மறுமுனை பன்றி வால் மாதிரி சுருண்டு விரிந்திருக்கும். பைப்புக்குள் விட்டு, கைபிடியை வலப்பக்கமாகச் சுற்ற வேண்டும். முட்டினால் அழுத்தக் கூடாது. சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முனை அடைப்புக்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும். பிறகு சுற்றுவதை நிறுத்தாமல் மெதுவாக இழுக்க வேண்டும். இடப்பக்கம் சுற்றினால் கம்பி உள்ளேயே முடிச்சாகிவிடும். முதல் மாதமே அப்படி ஒன்றை நாசமாக்கினேன். முதலாளி ஏசவில்லை. அந்த முடிச்சுக் கம்பியைக் கடை வாசலில் தொங்கவிட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். ஏசியிருக்கலாம்.

இந்த வேலைக்குக் கண் வேண்டாம். கைக்குத் தெரியும். கல் என்றால் உரசும். மண் என்றால் சும்மா அமுங்கும். வேர் என்றால் நாம் இழுக்க, அதுவும் இழுக்கும். முடி என்றால் மெத்தென்று வரும், நிற்கும், பிறகு மறுபடி வரும்.

நுவரெலியாப் பக்கம் பனி நாட்களில் வேறு மாதிரி. தேங்காயெண்ணெய் பைப்புக்குள்ளேயே மெழுகுதிரி போல உறைந்து நிற்கும். எண்ணெய்ப் போத்தலை அடுப்புப் பக்கம் வைத்து உருக்கத் தெரிந்தவர்கள், கழுவி ஊற்றிய எண்ணெய்க்கும் குளிரும் என்று நினைப்பதில்லை.

எல்லா வீட்டிலும் புறப்படும்போது நான் சொல்வது ஒன்றுதான். தண்ணீரைத் தவிர எதையும் பைப்பில் போடாதீர்கள். சிலர் கம்பி வாங்காமல் மூங்கில் குச்சி, கொடிக் கம்பி என்று எதையாவது விட்டுக் குத்தியிருப்பார்கள். அவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். தள்ளினால் அடைப்பு போகாது, இடம் மாறும்.

அம்மா என் கம்பியைக் குடல் என்பாள். வேலை முடிந்து வந்தால், "அந்தக் கொடல வெளியில வெச்சுட்டு வா," என்று உள்ளேயிருந்தே சத்தம் வரும்.

யாருடைய முடி

ஹட்டன் பஜாரில் ஒரு கடைக்காரர் வீடு. கடைக்கு மேலே குடியிருந்தார்கள். குளியலறையில் தண்ணீர் போகவில்லை. மாமியாரும் மருமகளும் என் பின்னால் நின்றார்கள். இழுத்ததும் ஒரு முழத்துக்கு முடி வந்தது.

மாமியார் உடனே, எல்லாம் இவள் தலையில் கொட்டுகிற முடி, நான் சொன்னால் யார் கேட்கிறார்கள் என்றார். மருமகள் குனிந்து பார்த்துவிட்டு, இதில் சிவப்பாக மருதாணி போட்ட முடி யாருடையது என்று என்னிடம் கேட்டாள். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"ரெண்டு பேருதும் கைகோத்துக்கிட்டுத்தாங்க இருக்கு," என்றேன்.

மருமகள் சிரித்துவிட்டாள். மாமியார் சிரிக்கவில்லை. ஆனால் தேத்தண்ணீர் வந்தது. அவர்களுக்குக் கண்ணாடிக் கிளாஸில், எனக்குக் காகிதக் கோப்பையில். கை நாற்றத்துக்காகவா, வேறு எதற்காகவா என்று நான் கேட்பதில்லை. குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

அம்மாவிடம் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது. அடுத்த தடவை கை கழுவாமல் போய் அந்தக் கிளாஸை எல்லாம் ஒரு தடவை தொட்டு வைத்துவிட்டு வா என்றாள். பிறகு என் உடுப்பை மட்டும் தனி வாளியில் ஊறப் போட்டாள். அதுவும் அம்மாதான்.

கதவு வைத்த குளியல்

நாங்கள் முன்பு லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தோம். குளிப்பது பீலியில். மலைத் தண்ணீர் குழாய் வழியாக விழுகிற இடம். அம்மா பிறந்ததிலிருந்து அங்கேதான் குளித்தாள். நெஞ்சுக்கு மேலே துணியைக் கட்டிக்கொண்டு, நாலு பேர் பார்க்க, பின்னால் வரிசையில் நிற்கிற பொம்பளைகள் அவசரப்படுத்த.

சரிவில் தனி வீடு கிடைத்தபோது குளியலறையை நான்தான் கட்டினேன். மேலே எங்கள் வீடு. அதற்குக் கீழே பார்வதி அக்கா வீடு. அதற்கும் கீழே ஆறு. எங்கள் குளியலறைத் தண்ணீரும் பார்வதி அக்கா வீட்டுத் தண்ணீரும் ஒரே பைப்பில் சேர்ந்து ஆற்றில் விழும்படி இறக்கினேன். கக்கூஸ் குழி வேறு பக்கம். பார்வதி அக்கா வீட்டுப் பின்சுவருக்குப் பக்கத்தில் பெரிய பாறை ஒன்று இருந்தது. அதை உடைக்க முடியவில்லை. பைப்பை அங்கே வளைத்துக் கொண்டுபோனேன். வளைவு கூடாது என்று தெரியும். வேறு வழியில்லை.

அம்மா முதல் நாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகு நேரம் தண்ணீர்ச் சத்தமே இல்லை. அப்பா போய்க் கதவைத் தட்டினார்.

"சும்மா நிக்கிறேன்," என்று பதில் வந்தது. "யாருமே இல்லாம ஒரு மாதிரியா இருக்கு."

இரண்டு வருடம் அந்தக் குளியலறையில் குளித்திருப்பாள். அதிகம் இருக்காது.

பதினொரு அழைப்புகள்

குளவி கொட்டித்தான் அம்மா இறந்தாள்.

மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஏழு பேர். காற்றில் கூடு கலைந்தது என்கிறார்கள். ஆறு பேர் வீக்கத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். அம்மா வரவில்லை. தலையில் போட்டிருந்த படங்குச் சாக்கைக் கழற்றி இன்னொரு பிள்ளைக்கு மூடிவிட்டாள் என்று அந்தப் பிள்ளை வந்து சொல்லி அழுதது. சாப்பிட்டியா என்று கேட்டேன்.

அந்த நேரம் நான் நுவரெலியாவில் ஒரு தங்கு விடுதியின் குசினித் தொட்டிக்குக் கீழே மல்லாந்து கிடந்தேன். இரண்டு கையும் எண்ணெயும் சாம்பாரும். போன் பையில் அடித்துக்கொண்டே இருந்தது. கை கழுவிவிட்டு எடுக்கலாம் என்று விட்டேன். பதினொரு தடவை அடித்திருந்தது. பத்து அப்பா. கடைசி ஒன்று பார்வதி அக்கா.

அந்தப் பைப்பை முடிக்காமல்தான் வந்தேன். பிறகு யார் போய் முடித்தார்கள் என்று தெரியாது.

பதினாறாம் நாள்

கருமாதி அன்று மூன்றாவது நாளாக மழை விடவில்லை. ஆற்றுக்கு இறங்கும் பாதையில் மண் சரிந்திருந்தது. கிராம சேவகர் வந்து, ஒருவரும் ஆற்றங்கரைப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பண்டாரம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து நனைந்துகொண்டு வந்து சடங்கைச் செய்தார். சோறு பிசைந்து, எள் போட்டு, மூன்று உருண்டை பிடித்து தட்டில் விரித்த வாழை இலைத் துண்டில் வைத்தேன். அதை ஓடுகிற தண்ணீரில் கரைக்க வேண்டும். ஓடுகிற தண்ணீர் கீழே இரைந்துகொண்டு ஓடியது. போகத்தான் முடியாது.

எல்லோரும் வாசலில் நின்று மழையைப் பார்த்தார்கள். றொசல்லையிலிருந்து வந்திருந்த சித்தப்பா, அப்பாவின் தம்பி, நாளைக்குக் கரைத்தால் என்ன என்று கேட்டார். பண்டாரம் ஆகாது என்றார். நாளைக்கு வரை ஆத்மா வாசலிலேயே நிற்கும் என்றார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"நம்ம பாத்ரூம் தண்ணி ஆத்துலதான் விழுது. நான் போட்ட பைப்பு. எனக்குத் தெரியும்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் ஏசியிருப்பார்கள். ஆனால் அந்த இடத்தில் பைப்பைப் பற்றித் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா பண்டாரத்தைப் பார்த்தார். பண்டாரம் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஓடுகிற தண்ணீராக இருந்தால் சரி, பைப் என்றாலும் ஓடத்தானே செய்கிறது என்றார்.

குளியலறையைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். தண்ணீர் போகிற வாயில் இருந்த சல்லடை மூடியைக் கழற்றினேன். தட்டைச் சரித்தேன். இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினேன். ஒரு மிடறு விழுங்குவது போலச் சத்தம் கேட்டது. போய்விட்டது.

அப்பா குளியலறைத் தரையைப் பார்த்துக் கும்பிட்டார். சித்தப்பா என் தோளில் தட்டி, உன் தொழில் உன் அம்மாவுக்கு உதவியது என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்று நான் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தேன்.

ஒன்பது நாள் கழித்துக் குளியலறையில் தண்ணீர் இறங்காமல் நின்றது.

சித்தப்பா பிடித்த ஆள்

முதல் நாள் அப்பா துவாயை எடுத்துக்கொண்டு பழைய பீலிக்கு நடந்து போய்க் குளித்துவிட்டு வந்தார். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் நான் கம்பியை எடுத்தபோது, "அது அங்கயே கெடக்கட்டும்," என்றார்.

அவள் போகவில்லை என்று அவருக்கு ஒரு எண்ணம். போக மனமில்லாமல் பைப்பில் நிற்கிறாளோ என்று. அதை அவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் குளியலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார்.

சித்தப்பாவுக்குப் போன் எடுத்தேன். அவர் ஒரு வழி சொன்னார். பெற்ற பிள்ளை இழுத்தால்தான் தோஷம். வெளியாளை வைத்து இழுத்தால் இல்லை. அவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியப்போவதும் இல்லை. கொட்டகலையில் நானே ஒரு ஆளைப் பிடிக்கிறேன், நீ வீட்டில் இல்லாமல் எங்கேயாவது போய்விடு என்றார்.

அன்று மத்தியானம் கொட்டகலையில் ஒரு கடையில் விசாரித்திருக்கிறார். இந்தப் பக்கத்தில் அடைப்பு எடுக்கிற நல்ல பொடியன் ஒருத்தன் இருக்கிறான் என்று கடைக்காரர் நம்பர் எழுதிக் கொடுத்திருக்கிறார். சித்தப்பா அதை அழுத்தினார். என் போன் அடித்தது.

"சொல்லுங்க சித்தப்பா," என்றேன்.

"சரி, வெய்யி," என்றார் சித்தப்பா.

பார்வதி அக்கா

நாலாம் நாள் காலை பார்வதி அக்கா மேலே ஏறி வந்தார். வாசலோடு நின்றுகொண்டார். அவர் மகள் பிரசவத்துக்கு வந்து, பிள்ளை பிறந்து பத்து நாள். பிள்ளை பெற்ற வீட்டுக்காரர் சாவு வீட்டுக்குள் வர மாட்டார்கள்.

"அண்ணே, எங்க பின்னால மண்ணு ஊறுது," என்றார் அப்பாவிடம். "நேத்து ஒரு கூடை அளவு சரிஞ்சிருச்சு. ஒங்க தண்ணி பைப்புல போகாம தரைக்குள்ள எறங்குது. பச்சப்புள்ள அந்தச் சொவத்தோரந்தான் தூங்குது."

அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

பார்வதி அக்கா போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தினார். என்ன போட்டீங்க என்று எனக்குத் தெரியும், நானும் அன்றைக்கு வாசலில் நின்றவள்தான் என்றார்.

"அப்பா தள்ளச் சொல்லுவாரு. தள்ளிராத சசி. அது எங்க பின்னால இருக்கிற வளைவுல வந்து நிக்கும். அப்புறம் அந்தத் தண்ணி என் வீட்டுக்குள்ள எந்திரிக்கும். செத்த வீட்டுப் பிண்டம் புள்ளப் பெத்த வீட்டுல வந்து நிக்கலாமா? நீயே சொல்லு. ஒன் அம்மா இருந்தா விடுவாளா?"

வளைவு போட்டதும் நான்தான். பார்வதி அக்கா அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

உள்ளே வந்து கம்பியை எடுத்தேன். அப்பா வாசலுக்கு வந்து நின்றார். ஆரம்பத்தில் சொன்னேனே, அது இந்த இடம்தான்.

கீழே அப்பா, மேலே நான்

"தள்ளு," என்று சொன்னவர் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். பிறகு, நான் ஆற்றுக்குப் போகிறேன், பைப் விழுகிற இடத்தில் நிற்கிறேன் என்றார். பாதை வெட்டிவிட்டிருந்தார்கள். போகலாம்.

"ஆத்துல விழுறத என் கண்ணால பாக்கணும். போனை வெச்சுக்க."

போனார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் கட்டையில் வைத்தேன். அதில் ஆற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. இடையில் அப்பா இருமுவது கேட்டது.

கம்பியை விட்டேன். பத்தடி சும்மா போனது. பதினைந்தடியில் முட்டியது. வளைவுக்கு மேலே, கொஞ்ச தூரத்தில். வலப்பக்கம் சுற்றினேன். மெத்தென்று இருந்தது. சுற்றச் சுற்ற இறுகியது. பிடித்துவிட்டது.

அந்த இடத்தில் கையில் ஒரு பலம் கொடுத்து முன்னால் தள்ளினால் வளைவு வரை போயிருக்கும். என் கை அதற்குத் தயாராகவும் இருந்தது. அப்பா சொல்லி நான் மறுத்ததில்லை.

"என்ன, நகருதா?" என்றது போன்.

"நகருதுங்கப்பா."

"தள்ளுறியா?"

"தள்ளுறேன்."

இழுத்தேன்.

முதலில் முடி வந்தது. நீளமான முடி. நுனி கறுப்பு, அடிப்பக்கம் நரை. அடைக்கிறது எதுவானாலும் அதற்குக் கொஞ்சம் முடி துணை நிற்கும், அது எந்த வீட்டிலும் உள்ளதுதான். நான் கவனித்தது முடியை அல்ல, அது சுற்றிக்கொண்டிருந்த பொருளை. இரண்டாக மடிந்த வாழை இலைத் துண்டு. பழுப்பாகி, வழுவழுவென்று. மடிப்புக்குள்ளே புளித்த சோறும் எள்ளும்.

உருண்டைகள் கரைந்து போயிருக்க வேண்டியவை. இலைதான் பைப்புக்குக் குறுக்கே மூடி போல விழுந்து அவற்றைப் பிடித்து வைத்திருந்தது. தட்டைச் சரிக்கும்போது இலையும் சேர்ந்து போனதை நான் கவனிக்கவில்லை. ஊரெல்லாம் தண்ணீரைத் தவிர எதையும் போடாதீர்கள் என்று சொல்லித் திரிகிறவன்.

நின்ற தண்ணீர் கர்ரென்று இறங்கியது. பிளாஸ்டிக் கோப்பை தரையில் உட்கார்ந்தது.

"தண்ணி வருது," என்றார் அப்பா. பிறகு, "வெறும் தண்ணி."

ஆறு இரைந்தது.

"நுரைதான் வருது. இன்னும் வரல. நான் நிக்கிறேன், நீ தண்ணி விடு."

அவர் நிற்பார். இருட்டும் வரை நிற்பார். எனக்கு அவரைத் தெரியும்.

கையில் இருந்ததைப் பார்த்தேன். இலையைப் பிரித்து அந்தச் சோற்றையே திரும்பத் தண்ணீரில் விட்டிருக்கலாம். அதுதான் நியாயம். யார் யார் வீட்டு அழுக்கையோ வெறுங்கையால் எடுத்திருக்கிறேன். இதை எடுக்க முடியவில்லை. இலையோடு, முடியோடு வாளியில் வைத்தேன்.

கையைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தடவை கழுவினேன். குசினிக்குப் போனேன். காலையில் வடித்த சோறு பானையில் இருந்தது. எள் கருமாதிக்கு வாங்கியது, டப்பாவில் மிச்சம். இரண்டு கைப்பிடிச் சோற்றில் எள்ளைப் போட்டுப் பிசைந்தேன். உருண்டை பிடிக்கவில்லை. அதைச் செய்யத் துணிவு வரவில்லை. உதிரியாகவே கொண்டுவந்து பைப் வாயில் விட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன்.

ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போனில் ஆறு மட்டும் கேட்டது. இருமல்கூட இல்லை. குழாய்த் தண்ணீரில் இன்னொரு வாளி நிறைந்து வழிந்தது.

"வந்துருச்சு," என்றார் அப்பா. "தண்ணிய மூடு."

சோறு

அப்பா நனைந்துகொண்டு வந்தார். துவாயை எடுத்துக்கொண்டு நேரே குளியலறைக்குப் போனார். பீலிக்கு அல்ல. கதவைச் சாத்தினார். தண்ணீர் விழுவதும் உடனுக்குடன் இறங்குவதும் வெளியே எனக்குக் கேட்டது. என் தொழிலில் வேலை முடிந்ததற்கு அதுதான் அடையாளம். கேட்டுக்கொண்டு நின்றேன்.

பார்வதி அக்கா கீழேயிருந்து கையைக் காட்டிக் கேட்டார். சரியாகிவிட்டது என்று நானும் கையைக் காட்டினேன். அவர் உள்ளே போய்விட்டார்.

அப்பா வந்து பலகையில் உட்கார்ந்தார். தட்டை வைத்தேன். பானை மூடியைத் திறந்தேன்.

பிண்டத்துக்குப் பண்டாரம் வடிக்கச் சொன்னது பச்சரிசி. வெள்ளை வெளேரென்று இருக்கும். நாங்கள் அன்றாடம் சாப்பிடுவது சிவப்பரிசி. பானைக்குள் சிவப்பாக இருந்தது. ஒரு பக்கம் கைவிட்டு அள்ளிய பள்ளம். நான் ஆற்றுக்கு அனுப்பியது இதை. அப்பா தண்ணீர் விழுகிற வாயில் நின்று பார்த்தது இதை.

கரண்டி என் கையிலேயே நின்றது.

அப்பா தட்டைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினார். போட்டேன். பருப்பு ஊற்றினேன். அவர் சாப்பிட்டார். எப்போதும் வைக்கிற மிச்சத்தைக்கூட வைக்கவில்லை. கை கழுவி, துடைத்துக்கொண்டு, வாசல் பக்கம் பார்த்தபடி கேட்டார்.

"வாளிய எங்க வெச்ச?"

எந்த வாளி என்று நான் கேட்கவில்லை.

"பின்னால. தகரம் போட்டு மூடியிருக்கேன்."

"எடுத்துட்டு வா. ரெண்டு பேருமா ஆத்துக்குப் போயிட்டு வந்துருவோம்."

நான் எழுந்திருக்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. இலையும் சேர்ந்து போயிருந்தது அப்பா, நான் பார்க்கவில்லை என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"நான் பாத்தேன்," என்றார். "அன்னிக்கே பாத்தேன். நீ அழுதுக்கிட்டிருந்த. அதான் சொல்லல."

பின்னால் போய்த் தகரத்தை எடுத்தேன். அப்பா என் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டார். சரிவில் அவர் முன்னால் இறங்கினார்.